ஒழிவு நேரமும் ஒத்த நேரமும்: இணைய நாட்காட்டிப் பகிர்வு - ஒரு பார்வை

முன்னுரை

காலத்தையும் இடத்தையும் இணைத்தே எண்ணுவது தமிழர் மரபு. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என ஒருங்கே வைத்தது. திருக்குறளில் காலமறிதல் 49ஆம் அதிகாரமாகவும் இடனறிதல் 50ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஒரு செயலைத் தொடங்குவோர்க்கு இவ்விரண்டும் வேண்டும் என்பதை இவ்வைப்புமுறையே உணர்த்தும்.

இற்றை நாளில் இடம் பற்றிய இடர்ப்பாடு பெரிதும் குறைந்துவிட்டது. சென்னையில் ஒருவர், துபாயில் ஒருவர், கோலாலம்பூரில் ஒருவர் எனப் பிரிந்திருப்போர் தத்தம் இல்லத்தில் இருந்தவாறே காணொலி வழியாகக் கூடிப் பேச முடிகிறது. ஆனால் அம்மூவரும் எந்த நாளில், எத்தனை மணிக்குக் கூடுவது என்னும் வினா மட்டும் தீர்ந்தபாடில்லை. பேச வேண்டிய செய்தி அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். பேசுவதற்குரிய நேரத்தைக் குறிக்கவோ அரைத்திங்கள் ஆகிவிடுகிறது. இது நம்மில் பலரும் பட்டறிந்த உண்மை.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்க வந்த வழிகளுள் ஒன்று, ஒவ்வொருவரும் தமது ஒழிவு நேரத்தை இணைய நாட்காட்டியில் குறித்துப் பிறர் காணுமாறு பகிர்ந்துகொள்வதாகும். அம்முறையின் தேவை, அது வளர்ந்த வரலாறு, இயங்கும் விதம், நம்மைப் போன்ற கல்லூரிச் சூழலில் அதனைக் கையாளும்போது கருத்தில் கொள்ள வேண்டியவை ஆகியவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நாள் குறித்தலின் கணக்கு

நாள் குறிப்பது ஏன் இத்துணைக் கடினமாகிறது? ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். நாளொன்றுக்கு ஐந்து பாடவேளைகள், ஆறு நாள் சுழற்சி. ஆக ஒரு சுழற்சியில் 30 பாடவேளைகள் எனக் கொள்வோம். ஒவ்வோர் ஆசிரியர்க்கும் அவற்றுள் சரிபாதி, அதாவது 15 பாடவேளைகள் ஒழிவு நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருடைய அட்டவணைக்கும் மற்றவருடைய அட்டவணைக்கும் தொடர்பில்லை என்றும் கொள்வோம். இருவர்க்கும் பொதுவான ஒழிவு நேரம் ஏறத்தாழ 7 அல்லது 8 பாடவேளைகளாகக் குறைந்துவிடும். மூவர்க்கு அது 4, நால்வர்க்கு 2, ஐவர்க்கு 1. அறுவர் கூட வேண்டுமாயின் சராசரியாக அரைப் பாடவேளைதான் மிஞ்சும். அதாவது, இரண்டு சுழற்சிகளுக்கு ஒருமுறையே அறுவரும் ஒருங்கே ஒழிந்திருக்கும் வேளை வாய்க்கும்.

ஒருவர் கூடுந்தோறும் வாய்ப்புப் பாதியாகிறது என்பதே இக்கணக்கின் சாரம். எனவே பெருங்கூட்டத்திற்கு நாள் கிடைக்காமல் போவதற்கு எவருடைய அக்கறையின்மையும் காரணம் அன்று, எண்ணிக்கையே காரணம்.

பழைய முறையில் இதனை எவ்வாறு தீர்த்து வந்தோம்? துறைத் தலைவர் ஒரு நாளைக் குறித்துச் சுற்றறிக்கை விடுப்பார். அலுவலக உதவியாளர் அதனை அறை அறையாக எடுத்துச் சென்று கையொப்பம் பெறுவார். நான்காமவர், 'அன்று எனக்குத் தேர்வுப் பணி' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். மீண்டும் ஒரு நாள், மீண்டும் ஒரு சுற்று. சுற்றறிக்கைக்கு மாற்றாகப் பின்னர்த் தொலைபேசியும் மின்னஞ்சலும் புலனக் குழுவும் வந்தன. விரைவு கூடியதே அன்றி முறை மாறவில்லை. கேட்பவர் இருட்டில் கல்லெறிகிறார். பட்டதா இல்லையா என்று பிறர் சொல்கின்றனர். வேண்டிய செய்தி அறுவருடைய மனத்தில் ஆறு துண்டுகளாகக் கிடக்கிறது. அத்துண்டுகளை ஒரு பலகையில் அருகருகே வைத்துவிட்டால் விடை கண்ணுக்கே தெரிந்துவிடும். நாட்காட்டிப் பகிர்வு செய்வது இவ்வொன்றைத்தான்.

இதனைச் சிறு வசதி என்று எண்ணிவிடலாகாது. முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்து, தேர்வாளர்களின் அறிக்கைகளும் வந்து சேர்ந்தபின், வாய்மொழித் தேர்வு நாளுக்காகக் காத்திருக்கும் ஆய்வாளரை எண்ணிப் பார்ப்போம். நெறியாளர், புறநிலைத் தேர்வாளர், துறைத் தலைவர் ஆகியோர்க்கு ஒத்த நாள் ஒன்று அமைய வேண்டும். அது ஒரு திங்கள் தள்ளிப் போனால், பெரியோர் மூவர்க்கும் இழப்பு ஏதுமில்லை. அத்திங்களுக்குள் விண்ணப்ப நாள் முடிந்துபோகும் ஆசிரியர் பணியிடம் ஆய்வாளருக்கு மீண்டும் வாய்க்கும் என்பதற்கு உறுதியில்லை. நாள் குறிப்பதில் ஏற்படும் காலத்தாழ்வை, கூட்டத்தில் மிக எளியவராக இருப்பவரே சுமக்கிறார் என்பது இங்குக் கருதத்தக்கது.

செந்தரம் வளர்ந்த வரலாறு

அலுவலகங்களில் கணினி வலையமைப்புப் பரவத் தொடங்கிய 1980களிலேயே நாட்காட்டி மென்பொருள்கள் தோன்றிவிட்டன. ஆயினும் ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் எழுதியதை மற்றொன்றின் மென்பொருள் படித்தறிய இயலவில்லை. எழுத்து ஒன்றாக இல்லாத இருவர் மடல் எழுதிக்கொள்வதைப் போன்றது அந்நிலை.

இக்குறையைப் போக்க ஆப்பிள், ஏ.டி. அண்டு டி., ஐ.பி.எம்., சீமென்ஸ் ஆகிய நிறுவனங்கள் இணைந்த வெர்சிட் என்னும் கூட்டமைப்பு வி-காலண்டர் எனும் பொது வடிவத்தை 1996இல் வெளியிட்டது. அதனை அடியொற்றி, இணையப் பொறியியல் பணிக்குழு 1998 நவம்பரில் ஐ-காலண்டர் எனும் செந்தரத்தை 2445ஆம் எண் ஆவணமாக வெளியிட்டது. இதனை வரைந்தவர் இருவர்: லோட்டஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிராங்க் டாசன், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தைச் சேர்ந்த டெரிக் ஸ்டெனர்சன். சந்தையில் போட்டியிட்ட இரு நிறுவனத்தாரும் ஒரே ஆவணத்தில் கையிட்டனர் என்பது சிந்திக்கத்தக்கது. தம் வாடிக்கையாளர் பிறருடைய வாடிக்கையாளரோடு கூடிப் பேச வேண்டுமாயின் நேரத்தை எழுதும் முறையாவது பொதுவாக இருக்க வேண்டும் என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர் எனலாம்.

இச்செந்தரம் 2009 செப்டம்பரில் திருத்தப்பெற்று 5545ஆம் எண் ஆவணமாயிற்று. இன்று நமக்கு மின்னஞ்சலில் வரும் கூட்ட அழைப்போடு இணைந்துவரும் ஐ.சி.எஸ். எனும் கோப்பு இதன்படி அமைந்ததே. நாட்காட்டியை ஒரு வழங்கியில் வைத்துப் பலரும் பலவகைக் கருவிகளிலிருந்து அணுகுவதற்கான கால்-டாவ் நெறிமுறை 2007 மார்ச்சில் வெளிவந்தது. கூகுள் நிறுவனம் 2006 ஏப்ரலில் தன் நாட்காட்டியை இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்துமாறு அளித்தபின், பெருநிறுவனங்களுக்குள் மட்டுமே இருந்துவந்த இவ்வசதி பொதுமக்கள் கைக்கும் எட்டியது.

கூட்டங்களைக் குறிப்பதோடு, 'வழக்கமாக நான் இந்நேரம் முதல் இந்நேரம் வரைதான் கிடைப்பேன்' என்பதையே தனியாக அறிவிக்கும் வழியும் வேண்டும் அன்றோ? அதற்கான வரையறை 2016 ஆகஸ்டில் 7953ஆம் எண் ஆவணமாக வெளிவந்தது. இருபதாண்டுகளாக வளர்ந்துவந்த எண்ணத்தின் தொடர்ச்சி இது என்பது தெளிவு.

காலம் தெரியும், காரணம் தெரியாது

நாட்காட்டியைப் பகிர்வது என்றவுடன் பெரியோர் பலர் அஞ்சுவது ஒன்றுண்டு. 'எம் வாழ்வின் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் ஊரார் பார்க்க வேண்டுமா?' என்பதே அவ்வச்சம். இது முறையான வினா. இதனைச் செந்தரத்தை வகுத்தோர் தொடக்கத்திலேயே எண்ணிப் பார்த்துள்ளனர்.

ஐ-காலண்டர் செந்தரத்தில் நிகழ்ச்சியைக் குறிக்கும் உறுப்பு வேறு. ஒழிவையும் அலுவலையும் மட்டும் குறிக்கும் உறுப்பு வேறு. முன்னதில் நிகழ்ச்சியின் பெயர், இடம், கலந்துகொள்வோர் முதலியன இடம்பெறும். பின்னதிலோ இந்த மணி முதல் இந்த மணி வரை என்னும் கால அளவுகளும் அவற்றின் நிலையுமே முதன்மையாக அமையும். நிலைகள் நான்கு: ஒழிவு, அலுவல், எவ்வாற்றானும் கிட்டாத நேரம், இன்னும் உறுதிப்படாத அலுவல். பெயரும் இல்லை, காரணமும் இல்லை. கால்-டாவ் நெறிமுறையும் இவ்வேறுபாட்டைப் பேணுகிறது. நிகழ்ச்சிகளைப் படிக்கும் உரிமை இல்லாத ஒருவருக்கு, ஒழிவு-அலுவல் நிலையை மட்டும் காணும் உரிமையைத் தனியே அளிக்க அது இடந்தருகிறது.

மற்றொரு நுட்பமும் உண்டு. நாட்காட்டியில் எழுதும் எல்லாமே நேரத்தை அடைப்பதில்லை. நண்பரின் பிறந்த நாளைக் குறித்து வைக்கிறோம்; அன்று முழுவதும் நாம் அலுவலில் இருப்பதாகப் பொருளில்லை. இத்தகைய குறிப்பை ஒளி புகும் குறிப்பு என்றும், உண்மையில் நேரத்தை அடைக்கும் குறிப்பை ஒளி புகாக் குறிப்பு என்றும் செந்தரம் பெயரிட்டு வழங்குகிறது. கண்ணாடி வழியே வெயில் செல்வதுபோல் முன்னதன் ஊடே பிறர் பார்வை செல்லும்; சுவரில் தடைபடுவதுபோல் பின்னதில் தடைபடும். பொருத்தமான உருவகம் இது.

கூகுள் நாட்காட்டியில் ஒருவருக்கு அளிக்கத்தக்க உரிமைகள் படிநிலையாக உள்ளன. ஒழிவு-அலுவல் மட்டும் காணுதல் முதற்படி. நிகழ்ச்சி விவரங்களையும் காணுதல் இரண்டாம் படி. நிகழ்ச்சிகளை மாற்றுதல் மூன்றாம் படி. மாற்றுவதோடு பகிர்வையும் ஆளுதல் நான்காம் படி. உடன் பணியாற்றுவோர்க்கு முதற்படியே போதும். துறையின் பொதுப் பணிகளைக் குறிக்கும் தனி நாட்காட்டி ஒன்றிருந்தால் அதற்கு மட்டும் மேற்படிகளை வழங்கலாம். நாட்காட்டியை எவரும் காணுமாறு பொதுவாக்குவது வேறு, பெயர் குறித்த சிலர்க்கு மட்டும் காட்டுவது வேறு என்பதையும் மறத்தலாகாது.

முதற்படியின் சிறப்பு யாது? வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆத் தொழுகைக்குச் செல்லும் ஆசிரியர், அதே வேளையில் தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், பள்ளியிலிருந்து குழந்தையை அழைத்துவரச் செல்லும் ஆசிரியை ஆகிய மூவரும் பிறர் பார்வையில் ஒரே நிறக் கட்டமாகவே தெரிவர். எவருடைய காரணம் பெரிது என்ற ஒப்பீட்டுக்கு அங்கு இடமில்லை. சுற்றறிக்கையில், 'அன்று இயலாது' என்று எழுதினால், 'ஏன்?' என்ற வினா பின்தொடரும். கட்டமோ வினாவிற்கு இடந்தராமல் விடையை மட்டும் தருகிறது. மறைப்பதற்காக மட்டுமன்றி, மதிப்பைக் காப்பதற்காகவும் அமைந்த திரை இது.

பகிரும் முறைகள் மூன்று

இன்று வழக்கிலுள்ள முறைகளை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, உடன் பணியாற்றுவோர் தம் நாட்காட்டிகளை ஒருவர்க்கொருவர் எப்போதும் காணுமாறு வைத்திருத்தல். கூட்டம் கூட்டுபவர் அனைவருடைய கட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்த்து, ஒத்த நேரத்தைத் தாமே கண்டு அழைப்பு விடுக்கலாம். அடிக்கடி கூடும் துறைக்கும் குழுவிற்கும் இதுவே ஏற்றது.

இரண்டாவது, வாக்கெடுப்பு முறை. கூட்டுபவர் ஐந்தாறு நேரங்களை முன்வைப்பார். ஒவ்வொருவரும் தமக்கு இசைந்தவற்றைக் குறிப்பர். மிகப் பலர்க்கு இசைந்தது தேர்வாகும். 2007இல் சுவிட்சர்லாந்தில் நிறுவனமாகத் தொடங்கப்பெற்ற டூடுல் இம்முறையைப் பரப்பியது. வெவ்வேறு ஊரினர், வெவ்வேறு நிறுவனத்தினர் ஒருமுறை மட்டும் கூடும்போது இது பொருந்தும். பிற கல்லூரிப் பேராசிரியர்களும் இடம்பெறும் பாடத்திட்டக் குழுக் கூட்டத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். ஒருவர் காலந்தாழ்த்தி விடையளித்தால், அதற்குள் மற்றவர்களுடைய ஒழிவு நேரம் நிரம்பிவிடும் என்பது இதன் குறை. ஆதலின் விடையளிக்க இறுதி நாளையும் உடன் குறிப்பிடுதல் வேண்டும்.

மூன்றாவது, பதிவு இணைப்பு முறை. ஒருவர் தம் ஒழிவு நேரங்களைத் திறந்துவைத்து அதன் இணைப்பை அனுப்புவார். வேண்டுவோர் அவற்றுள் ஒன்றைத் தாமே தெரிந்து பதிந்துகொள்வர். பதிந்தவுடன் அந்நேரம் பிறர்க்குக் காட்டப்படாது. நைஜீரியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய டோப் அவோட்டோனா 2013இல் தொடங்கிய காலண்ட்லி இத்துறையில் பெயர் பெற்றது. ஒருவரைப் பலர் தனித்தனியே காண வேண்டிய இடத்தில் இம்முறை சாலப் பொருந்தும். கல்லூரியில் அத்தகைய இடம் ஆசிரியர்-மாணவர் சந்திப்பே.

துறை அறையின் வாயிலில் நின்று, ஆசிரியர் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்து, அவர் எழுத்துப் பணியில் ஆழ்ந்திருப்பதைக் கண்டு திரும்பிப் போகும் மாணவரை நாம் எல்லாரும் அறிவோம். துணிவுள்ள மாணவர் உள்ளே நுழைந்துவிடுவார். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த மாணவரோ வாயிலோடு நின்றுவிடுவார். கிழமைக்கு இரண்டு மணி நேரத்தை ஆசிரியர் திறந்துவைத்து, கால்மணிக் கூறுகளாகப் பகுத்து, 'இது உங்களுக்குரிய நேரம்' என அறிவித்தால், எட்டு மாணவர்கள் தயக்கமின்றி வந்து பேசலாம். இணைப்பைத் திறக்கத் திறன்பேசி இல்லாத மாணவர்க்காக, அதே கூறுகளை எழுதிய தாள் ஒன்றை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, அதில் பெயரெழுதச் செய்வதும் நன்று. அப்பெயர்களை ஆசிரியரே நாட்காட்டியில் ஏற்றிக்கொள்ளலாம்.

நம் சூழலில் எழும் இடர்கள்

கருவி பிற நாட்டுச் சூழலில் உருவானது. ஆதலால் நம் நடைமுறையோடு அது மோதும் இடங்கள் சில உள்ளன.

அவற்றுள் முதன்மையானது டே ஆர்டர் எனக் கல்லூரிகளில் வழங்கும் ஆறு நாள் சுழற்சி. இணைய நாட்காட்டியில் 'ஒவ்வொரு செவ்வாயும் காலை 10 மணி' என எளிதில் குறிக்கலாம். நம் ஆசிரியர்க்கோ மூன்றாம் டே ஆர்டரில் இரண்டாம் பாடவேளை வகுப்பு. அது இக்கிழமை புதனில் வரும், விடுமுறை ஒன்று குறுக்கிட்டால் அடுத்த கிழமை வியாழனில் வரும். ஆறு நாளுக்கு ஒருமுறை எனக் குறித்தாலும் ஞாயிறு குறுக்கிட்டுக் கணக்கைக் கலைத்துவிடும். இதற்குரிய வழி, கல்வியாண்டின் தொடக்கத்தில் கல்லூரி வெளியிடும் கையேட்டில் ஒவ்வொரு தேதிக்கும் அச்சிடப்பெற்ற டே ஆர்டரை அடிப்படையாகக் கொண்டு, துறையில் கணினி அறிந்த ஒருவர் அனைவர்க்கும் வகுப்புப் பட்டியலைக் கோப்பாக ஆக்கித் தருவதே. அக்கோப்பைக் கூகுள் நாட்காட்டியில் ஒரே முறையில் ஏற்றிவிடலாம். வடகிழக்குப் பருவமழையால் எதிர்பாரா விடுமுறை வந்து சுழற்சி நகருமாயின், பழைய பட்டியலை நீக்கிப் புதியதை ஏற்ற வேண்டியிருக்கும். இப்பட்டியலைத் தனி நாட்காட்டியாக வைத்திருந்தால் நீக்குவது எளிது.

இரண்டாவது, ஆண்டுதோறும் நகரும் நாள்கள். ஹிஜ்ரி ஆண்டு சந்திரனை அடிப்படையாகக் கொண்டது. ஆங்கில ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைந்தது. எனவே 'ஆண்டுக்கொருமுறை இதே தேதி' என ரமலான் மாதத்தைக் குறிக்க இயலாது. பிற நாட்காட்டி முறைகளின்படி நிகழ்ச்சிகளைத் திரும்ப வரச்செய்யும் விதி 2015இல் 7529ஆம் எண் ஆவணமாகச் செந்தரத்தில் சேர்க்கப்பெற்றது. எனினும் எல்லா மென்பொருள்களும் அதனைக் கையாள்வதில்லை. பெருநாள், பிறை காண்பதைப் பொறுத்து ஒரு நாள் முன்பின்னாக அமையக்கூடும். அவ்விரு நாள்களையும் 'உறுதிப்படாத அலுவல்' எனக் குறித்து வைப்பதே அறிவுடைமை. நான்கு நிலைகளுள் அந்நான்காவது நிலையின் பயன் இங்கு நன்கு விளங்கும்.

மூன்றாவது, நேர வலய வேறுபாடு. நம் முன்னாள் மாணவர்கள் பல நாடுகளில் வாழ்கின்றனர். துபாய் நேரம் நம்மினும் ஒன்றரை மணி பின்தங்கியது. மலேசிய நேரம் இரண்டரை மணி முந்தியது. இவை ஆண்டு முழுவதும் மாறா. இலண்டன் நேரமோ குளிர்காலத்தில் ஐந்தரை மணியும் கோடையில் நாலரை மணியும் நம்மினும் பின்தங்கியிருக்கும். மார்ச் மாத இறுதி ஞாயிறும் அக்டோபர் மாத இறுதி ஞாயிறும் அங்குக் கடிகாரம் மாறும் நாள்கள். இதனை அறியாது நாம் ஒருமுறை தவறினோம். இலண்டனில் பணிபுரியும் முன்னாள் மாணவர் ஒருவருக்கு, நம் மாலை 7 மணிக் கூட்டத்தை 'உங்கள் நேரம் பிற்பகல் 1.30' எனக் கையால் எழுதி அனுப்பினோம். கூட்டம் ஏப்ரல் மாதத்தில். அவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே இணைந்து, அலுவலக இடைவேளை முழுவதும் வெற்றுத் திரையைப் பார்த்துக் காத்திருந்து, வேலைக்குத் திரும்பிவிட்டார். நாட்காட்டி வழியாக அழைப்பு அனுப்பியிருந்தால் கணினி அவரவர் ஊர் நேரத்திற்கு மாற்றிக் காட்டியிருக்கும். கையால் கணக்கிட்டது நம் பிழையே.

நேரத்தோடு வார விடுமுறையும் நாட்டுக்கு நாடு வேறுபடும். சவூதி அரேபியா 2013இல் வியாழன்-வெள்ளி விடுமுறையை வெள்ளி-சனியாக மாற்றியது. ஐக்கிய அரபு அமீரகத்தின் நடுவணரசு 2022 ஜனவரி முதல் வெள்ளி அரைநாள் பணி, சனி-ஞாயிறு விடுமுறை என மாற்றிக்கொண்டது. 'வளைகுடாவினர்க்கு வெள்ளி விடுமுறைதானே' எனப் பழைய நினைவில் நாள் குறித்தால் பிழையாகும். அவரவர் தம் பணி நேரத்தைத் தாமே நாட்காட்டியில் குறித்துவிட்டால் இவ்வூகங்களுக்கு இடமில்லை.

உழைப்பு யாருடையது? பயன் யாருடையது?

கருவி இருந்தும் இம்முறை பல இடங்களில் தொடங்கிய வேகத்திலேயே நின்றுபோவதைக் காண்கிறோம். இதற்கான காரணத்தை அமெரிக்க ஆய்வாளர் ஜோனதன் குருடின் 1988இலேயே எடுத்துக்காட்டினார். கூட்டுப்பணி மென்பொருள்கள் ஏன் தோல்வியுறுகின்றன என்பதை ஆராய்ந்த அவர், கூட்டத்திற்குத் தானே நேரம் குறிக்கும் வசதியையே ஓர் எடுத்துக்காட்டாகக் கொண்டார். அவ்வசதியால் பயனடைபவர் கூட்டம் கூட்டும் மேலாளர். அதற்காகத் தம் நாட்காட்டியை நாள்தோறும் நிரப்பிவைக்கும் உழைப்போ பணியாளர் அனைவருடையது. உழைப்பவர் வேறு, பயன் பெறுபவர் வேறு என்றானால் உழைப்பு நின்றுபோகும். ஒருவர் நிரப்பாது விட்டாலும் கணக்குப் பொய்க்கும். இதுவே அவர் கண்ட உண்மை.

நாட்காட்டிப் பகிர்வு வேரூன்றிய நிறுவனங்களை ஆராய்ந்து லீசியா பேலன் 1999இல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. நாட்காட்டி திறந்திருக்கும் இடத்தில் வெற்றுக் கட்டம் பிறர் கைக்கு எளிதாகிறது. எனவே தம் வேலைக்கென முன்கூட்டியே நேரத்தை அடைத்துவைத்தல், பிறர்க்கு விளங்காத சுருக்கக் குறிப்பை எழுதுதல் முதலிய தற்காப்பு வழிகளை மக்கள் கையாளத் தொடங்குகின்றனர்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று. நாட்காட்டியில் கட்டம் வெறுமையாக இருப்பதனால் மட்டும் அந்நேரம் எவர்க்கும் உரியதாகிவிடாது. ஆசிரியர் நூல் பயிலும் நேரம், பாடம் ஆயத்தம் செய்யும் நேரம், விடைத்தாள் திருத்தும் நேரம் ஆகியன கூட்டங்கள் அல்ல. ஆயினும் அவையும் அலுவலே. அவற்றையும் அலுவல் எனக் குறித்துவைப்பது பொய்யன்று, முறையே. குறிக்காதவருடைய படிப்பு நேரமே முதலில் பறிபோகும்.

பண்பாட்டு நோக்கிலும் ஒரு வினா உண்டு. பதிவு இணைப்பை அனுப்பி, 'இதில் ஒன்றைத் தெரிந்துகொள்க' என்பது மரியாதையா, மரியாதைக் குறைவா? 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொழில் வட்டாரத்தில் இது பெருவிவாதமாயிற்று. இணைப்பை அனுப்புபவர் தம் வேலையைப் பிறர் தலையில் சுமத்துகிறார் என்றனர் ஒரு சாரார். பத்து மடல் எழுதும் வேலையை அவர் மிச்சப்படுத்துகிறார் என்றனர் மறுசாரார். நம் சூழலுக்கு இதன் தீர்வு எளிது. இளையவர் ஒருவர் மூத்த பேராசிரியரைச் சொற்பொழிவுக்கு அழைக்கும்போது இணைப்பை மட்டும் அனுப்புவது தகாது. மடல் எழுதி, மூன்று நாள்களை முன்வைத்து, 'இவற்றுள் எது தங்களுக்கு இசையும், அல்லது தாங்களே நாள் குறித்தருள்க' என்பதே முறை. அதே பேராசிரியர் தம் ஒழிவு நேரத்தை மாணவர்க்குத் திறந்து இணைப்பை அனுப்பினால் அது பெருந்தன்மை. நேரத்தை மேலிருப்பவர் திறந்துவைத்தால் அது கொடை. கீழிருப்பவரை மட்டும் திறக்கச் சொன்னால் அது கண்காணிப்பு.

கடைப்பிடிக்கத்தக்கவை

மேற்கூறியவற்றைத் தொகுத்துச் சில நெறிகளாகக் கூறலாம்.

1. ஒழிவு-அலுவல் நிலையை மட்டும் பகிர்க. விவரங்களைப் பகிர்வது தேவையுள்ள இடத்தில் மட்டுமே.

2. துறையில் மூத்தவரே முதலில் பகிர்க. பிறகே மற்றவரைக் கேட்கலாம்.

3. வகுப்பு, தேர்வுப் பணி மட்டுமன்றிப் படிப்பு நேரம், வழிபாட்டு நேரம், இல்லத்துக் கடமை நேரம் ஆகியவற்றையும் அலுவல் எனக் குறிக்க. காரணம் எழுத வேண்டியதில்லை.

4. பிறருடைய வெற்றுக் கட்டத்தில் அழைப்பு விடுக்கும்போது, கூட்டத்தின் நோக்கத்தையும் முடியும் நேரத்தையும் எழுதுக. முதல் நாள் இரவில் மறுநாள் காலைக்கு அழைப்பு விடுத்தலைத் தவிர்க்க.

5. அயல்நாட்டினர்க்கு மணியைக் கையால் கணக்கிட்டு எழுதாது, நாட்காட்டி அழைப்பாகவே அனுப்புக.

6. கூட்டம் நீக்கப்பட்டால் நாட்காட்டியிலிருந்தும் உடனே நீக்குக. முடிந்துபோன அலுவலால் அடைபட்டிருக்கும் நேரம் எவர்க்கும் பயன்படாது.

முடிவுரை

நேரம் ஒவ்வொருவர்க்கும் நாளொன்றுக்கு 24 மணியே. அதனைக் கூட்டவும் இயலாது, சேர்த்துவைக்கவும் இயலாது. ஆயின் ஒருவருடைய நேரம் மற்றவருடைய அறியாமையால் வீணாவதைத் தடுக்க இயலும். இணைய நாட்காட்டிப் பகிர்வு அத்தகைய ஒரு கருவி. ஐ-காலண்டர் செந்தரம் 1998இல் வகுத்த ஒழிவு-அலுவல் வேறுபாடு, காலத்தைக் காட்டிக் காரணத்தை மறைத்தது. அதனால் உதவியும் மறைவும் ஒருங்கே இயலும் என்பதை மெய்ப்பித்தது.

கருவியின் வெற்றி அதனைத் தொடங்கிவைப்பவரைப் பொறுத்தது. நாள் கிடைக்காமையால் இழப்பவர் பெரும்பாலும் ஆய்வாளரும் மாணவருமே. நாளைத் தர வல்லவர் ஆசிரியரும் பெரியோருமே. ஆதலின், கிழமைக்கு ஒரு மணி நேரத்தையேனும் 'இது பிறர்க்குரியது' என முதலில் திறந்துவைக்கும் கடமை மூத்தோராகிய நம்முடையது. வாயிலில் தயங்கி நிற்கும் அம்மாணவர், தமக்கென ஒரு கால்மணி நேரம் குறிக்கப்பெற்றிருப்பதை அறிந்து நிமிர்ந்து உள்ளே வருவாராயின், அதுவே இம்முயற்சியின் பயனாகும்.